விட்டுவிடாமல் கொடுப்பது: திறமூல பேக்கேஜ்களின் பதிப்புரிமையும் உரிமமும்

உபுண்டு அல்லது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய கணினி உங்களிடம் இருந்தால், கோப்பு மேலாளரைத் திறந்து யூஎஸ்ஆர் என்ற அடைவுக்குள் போங்கள். அதற்குள் ஷேர், அதற்குள் டாக். அங்கே நூற்றுக்கணக்கில் சிறு அடைவுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் கணினியில் உள்ள ஏதோ ஒரு பேக்கேஜின், அதாவது நிறுவுவதற்காகக் கட்டிய மென்பொருள் பொதியின், பெயர். எதைத் திறந்தாலும் உள்ளே 'காப்பிரைட்' என்று ஓர் உரைக்கோப்பு இருக்கும். வருடக்கணக்காக லினக்ஸ் பயன்படுத்துபவர்களில்கூடப் பலர் அதைத் திறந்து பார்த்ததில்லை. எழுதிய நிரலையே எல்லோருக்கும் திறந்து தரும் திறமூல மென்பொருளின் சட்ட அடிப்படை முழுவதும் அந்தச் சின்னக் கோப்பில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

திறந்ததும் மென்பொருளின் பெயரும் மூலநிரல் (ஆசிரியர் எழுதிய நிரல்) எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற முகவரியும் இருக்கும். அடுத்துப் பத்தி பத்தியாக விவரங்கள். முதல் பத்தியில் 'கோப்புகள்' என்பதற்கு எதிரே ஒரு நட்சத்திரக்குறி. எல்லாக் கோப்புகளும் என்று பொருள். அதன் கீழே 'பதிப்புரிமை' என்று ஆண்டும் ஆசிரியர் பெயரும். அதற்கும் கீழே 'உரிமம்'. அடுத்த பத்தி, குறிப்பிட்ட ஓர் அடைவில் உள்ளவற்றை மட்டும் வேறொருவர் எழுதினார், அவற்றுக்கு உரிமமும் வேறு என்று சொல்லும். பெரும்பாலும் கடைசியில், இதை டெபியனுக்கான பேக்கேஜாகக் கட்டியவருக்கும் ஒரு பத்தி இருக்கும். கட்டுவதற்கான கோப்புகளை எழுதியவர் அவர் என்பதால் அவற்றின் உரிமை அவருக்கு.

இந்தக் கோப்பு இல்லாமல் எந்த பேக்கேஜும் டெபியனுக்குள் நுழைய முடியாது. புதிதாக வருபவை 'நியூ' என்ற வரிசையில் காத்திருக்கும். காப்பகத்துக்குப் பொறுப்பான தன்னார்வலர்கள் அவற்றைப் பிரித்து, எந்தக் கோப்பை யார் எழுதினார், என்ன நிபந்தனையில் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். எங்கோ ஓர் உள்ளடைவில் இன்னொருவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று இருந்து, அவர் பெயர் இந்தப் பட்டியலில் விடுபட்டிருந்தால் பேக்கேஜைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதியவர்களுக்கு இது தேவையில்லாத கெடுபிடியாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று பிறகு ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைச் சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் பேட்டன்ட்டுக்கும் எழுதுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். எழுதிய வடிவத்தைக் காப்பது ஒன்று, கண்டுபிடிப்பைக் காப்பது மற்றொன்று. இந்தக் கட்டுரையில் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் சொல்கிறேன். லைசென்ஸ் என்பதற்கு உரிமம்.

பதிப்புரிமை என்பது யாரிடமும் விண்ணப்பித்து வாங்குவதில்லை. நீங்கள் நிரலை எழுதிச் சேமித்தாலே அது பிறந்துவிடுகிறது. பதிவு செய்யவேண்டும், வட்டத்துக்குள் சி போடவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் இதுதான் விதி, இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. கணினி நிரலையும் 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள் கொண்டுவந்தது 1984இல் செய்த திருத்தம். சட்டத்தின் பார்வையில் நீங்கள் எழுதிய பைதான் நிரலும் ஒரு சிறுகதையும் ஒரே இனம். ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை தொடரும்.

சட்டம் காப்பது எழுதிய வரிகளைத்தான், அவற்றுக்குள் இருக்கும் யோசனையை இல்லை. பேருந்து வரும் நேரத்தைக் காட்டும் செயலி ஒன்றை ஒருவர் செய்துவிட்டார் என்பதால் வேறு யாரும் அப்படி ஒன்று செய்யக்கூடாது என்றாகாது. அவருடைய நிரலைப் பார்த்து எடுத்து ஒட்டக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் திறமூலம் என்றால் ஆசிரியர் தன் பதிப்புரிமையைக் கைவிட்டுவிட்டார் என்று பொருளா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பிறகு அவை நாட்டுடைமையாகி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. இன்று ஒரு பதிப்பகம் அவர் கவிதைகளை வெளியிட யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம், யாருடைய நிபந்தனைக்கும் கட்டுப்படவேண்டாம். மென்பொருளிலும் இதற்கு நிகராக ஒன்று உண்டு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நிரலை அதன் ஆசிரியர்கள் பொதுவுடைமை என்று அறிவித்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று உங்கள் கையில் எந்த ஃபோன் இருந்தாலும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி முழுதாக விட்டுவிடுவதற்கு எல்லா நாட்டுச் சட்டமும் இடம் தருவதில்லை. ஜெர்மனியில் ஆசிரியர் தன் உரிமையை அடியோடு துறக்க முடியாது. அதனால் எஸ்க்யூலைட் குழுவினர், தங்கள் சட்டத்துறையைச் சமாதானப்படுத்த ஒரு தாள் வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு உரிமைச் சான்று தருகிறார்கள்.

திறமூலத்தில் நடப்பது வேறு. அதன் ஆசிரியர் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். அந்த உரிமையின் பலத்தில் உலகத்துக்கே ஓர் அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறார். நகலெடுங்கள், மாற்றுங்கள், விற்கவும் செய்யுங்கள், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளைக் காப்பாற்றுங்கள் என்று. அந்தச் சீட்டுதான் உரிமம். காப்பிரைட் கோப்பில் பதிப்புரிமைக்கு ஒரு வரியும் உரிமத்துக்கு ஒரு வரியும் தனித்தனியாக இருப்பதன் காரணம் இதுதான். முதல் வரி சொத்து யாருடையது என்று சொல்கிறது. இரண்டாவது வரி, அதை நீங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். உரிமம் எதுவும் இல்லாமல் ஒருவர் நிரலை இணையத்தில் போட்டுவைத்திருந்தால் அது திறமூலம் ஆகாது. சீட்டு இல்லை என்றால் அனுமதி இல்லை, எல்லா உரிமையும் அவருக்கே. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்த நிரலை அந்தத் தளத்துக்குள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தன் கணக்கில் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம்) என்று தளத்தின் விதி அனுமதிக்கிறது. அதை எடுத்து உங்கள் செயலியில் சேர்க்க அந்த விதி போதாது. கல்லூரி புராஜெக்டுகளில் மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. 'பப்ளிக்காத்தானே இருக்கு' என்பார்கள். கடைத்தெருவில் எல்லோர் பார்வையிலும் நிற்கிறது என்பதற்காக ஒரு வண்டியை ஓட்டிப்போக முடியுமா?

இனி உரிமங்களுக்கு வருவோம். நூற்றுக்கு மேல் இருந்தாலும் இரண்டு குணங்களைப் புரிந்துகொண்டால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

முதல் குணம், தாராளம். எம்ஐடி உரிமத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள், அரைப் பக்கம்கூட வராது. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஒரே நிபந்தனை: நிரலின் நகல் போகும் இடமெல்லாம் ஆசிரியரின் பதிப்புரிமை வரியும் இந்த அனுமதி வாசகமும் கூடவே போகவேண்டும். கடைசிப் பத்தி, உள்ளது உள்ளபடியே தருகிறேன், இதனால் ஏதும் கெட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்கிறது. டெபியனின் கோப்புகளில் இதே உரிமம் பெரும்பாலும் எக்ஸ்பாட் என்ற பெயரில் இருக்கும். எம்ஐடி கல்வி நிறுவனத்திலிருந்து வெவ்வேறு உரிமங்கள் வந்திருப்பதால் எது என்று குழப்பம் வரக்கூடாது என்றுதான் அப்படி. பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிஎஸ்டி உரிமங்களும் இதே இனம். 2004இல் வந்த அப்பாச்சி 2.0 கொஞ்சம் நீளமானது. காப்புரிமை வழக்கு போடமாட்டேன் என்ற உறுதியையும் பங்களித்தவர்களிடமிருந்து பெற்றுத் தருவதால் நிறுவனங்கள் அதை விரும்புகின்றன.

இரண்டாவது குணம், காப்பிலெஃப்ட். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் உரிமம் 1989இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1991, மூன்றாம் பதிப்பு 2007. இதன் நிபந்தனை கனமானது: இந்த நிரலையோ இதிலிருந்து உருவாக்கிய ஒன்றையோ இன்னொருவருக்குக் கொடுத்தால், நீங்கள் பெற்ற அதே சுதந்திரத்தை அவருக்கும் கொடுக்கவேண்டும். மூலநிரல் அவருக்குக் கிடைக்கவேண்டும், அதுவும் இதே உரிமத்தின் கீழ். பந்தியில் சாப்பிட்டவர் அடுத்த பந்திக்குப் பரிமாறவேண்டும் என்பது போல.

ஜிபிஎல் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் தொடர்ந்து காதில் விழுகின்றன. விற்கக்கூடாது என்பது ஒன்று. தாராளமாக விற்கலாம். லினக்ஸ் கெர்னலின், அதாவது அந்த இயங்குதளத்தின் கருவான நிரலின், கதையே இதற்குச் சாட்சி. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதை முதலில் வெளியிட்டபோது அவருடைய சொந்த உரிமம்தான் பணம் வாங்கக்கூடாது என்று தடுத்தது. ஃப்ளாப்பியில் நகலெடுத்துக் கொடுப்பவர் அந்தச் செலவைக்கூட வாங்க முடியாத நிலை. 1992இல் ஜிபிஎல்லுக்கு மாறிய பிறகு அந்தத் தடை போனது. ஃப்ரீ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இன்றும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது தவறான எண்ணம், ஜிபிஎல் நிரலைத் தொட்டாலே நம் நிரல் முழுவதையும் உலகத்துக்குத் திறந்து காட்டவேண்டும் என்பது. பிறருக்கு விநியோகிக்கும்போதுதான் நிபந்தனை உயிர் பெறுகிறது. உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே மாற்றி ஓட்டினால் யாருக்கும் எதுவும் தரவேண்டாம். சர்வரில் வைத்து இணையச் சேவையாக மட்டும் நடத்தினாலும் ஜிபிஎல் கேட்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஏஜிபிஎல் என்ற தனி உரிமம் இருக்கிறது. பெட்டிக்குள் போட்டு விற்றால் கதை வேறு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்து மூலநிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிடவேண்டியதாயிற்று. அந்த நிரலை வைத்துத் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. இன்றும் பழைய ரவுட்டர்களுக்கு அது மறுவாழ்வு தருகிறது.

சரி, நிபந்தனையை மீறினால்? இலவசமாகக் கொடுத்ததற்கு வழக்கு நிற்குமா? நின்றிருக்கிறது. விளையாட்டு ரயில் தொடர்பான வழக்கு என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். வீட்டில் தண்டவாளம் போட்டுப் பொம்மை ரயில் ஓட்டுபவர்களுக்காகக் கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சனும் நண்பர்களும் ஒரு மென்பொருள் எழுதி ஆர்ட்டிஸ்டிக் என்ற திறமூல உரிமத்தில் கொடுத்தார்கள். ரயில் எஞ்சினுக்குள் இருக்கும் சிப்புகளின் விவரக் கோப்புகள் அதில் உண்டு. போட்டி மென்பொருள் ஒன்று அவற்றை எடுத்துக்கொண்டது. எடுத்ததில் தவறில்லை. ஆசிரியர் பெயர், பதிப்புரிமை வரி, என்ன மாற்றினோம் என்ற குறிப்பு ஆகியவற்றை விட்டுவிட்டது. கீழ் நீதிமன்றம் தடை உத்தரவு தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரிமத்தில் உள்ளவை அனுமதியின் நிபந்தனைகள், அவற்றை மீறி நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகலாம் என்றது. காசு கைமாறவில்லை என்பதால் ஆசிரியருக்கு இதில் பொருளாதார நலனே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது என்றும் சொன்னது. ஒருவருடைய பெயரை அழிக்காமல் விடுவது வெறும் மரியாதை இல்லை, சட்டப்படி அதுதான் அவர் கேட்ட விலை.

இப்போது டெபியன்காரர்களின் கெடுபிடிக்கு வருகிறேன். ரூபி மொழியில் மைம்மேஜிக் என்று ஒரு சிறு பேக்கேஜ் உண்டு. ஒரு கோப்பு படமா, ஒலியா, பிடிஎஃப்பா என்று கண்டறிந்து சொல்வது அதன் வேலை. எம்ஐடி உரிமம் என்று போட்டிருந்தார்கள். ரெயில்ஸ் என்ற பெரிய இணையக் கட்டமைப்பு, இடையில் இன்னொரு பேக்கேஜ் வழியாக, இதை நம்பியிருந்தது. கோப்பு வகைகளின் பட்டியலுக்காக மைம்மேஜிக் தன் பொதிக்குள் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை வைத்திருந்தது. அது வேறொரு திட்டத்திலிருந்து வந்தது, அதன் உரிமம் ஜிபிஎல். கோப்பின் தலைப்பிலேயே அப்படி எழுதியிருந்தது. 2021 மார்ச்சில் அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். மைம்மேஜிக்கின் ஆசிரியர் நேர்மையானவர், தவறை ஒப்புக்கொண்டார். புதிய பதிப்பை ஜிபிஎல்லுக்கு மாற்றி, பழைய பதிப்புகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அன்று ரெயில்ஸ் செயலிகளைப் புதிதாக நிறுவ முயன்றவர்களுக்கு, கேட்ட பதிப்பு கிடைக்கவில்லை என்ற பிழைதான் வந்தது. நிரலில் ஒரு வரிகூடப் பழுதில்லை. உரிமத்தின் ஒரு வரி தவறாக இருந்ததில் உலகம் முழுக்க வேலை நின்றது. சில நாள்களில் தீர்வு வந்தது. மைம்மேஜிக் அந்தப் பட்டியலைத் தன்னுள் வைக்காமல், கணினியில் இருப்பதைத் தேடி எடுக்கும்படி மாறி எம்ஐடிக்குத் திரும்பியது. ரெயில்ஸ் தரப்பு அப்பாச்சி உரிமம் கொண்ட வேறொரு பட்டியலுக்கு மாறிக்கொண்டது. டெபியனின் வரிசையில் கோப்பு கோப்பாகப் பார்ப்பவர்கள் தேடுவது இத்தகைய ஒரு கோப்பைத்தான்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய திசை ஒன்று உண்டு. எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் சேர்க்கலாம், அதன் பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் கூடவே இருந்தால் போதும். ஜிபிஎல் நிரலை உள்ளே வைத்துக்கொண்டு மொத்தத்தையும் எம்ஐடி என்று கொடுக்க முடியாது. ஆறு கடலில் கலக்கும், கடல் ஆற்றுக்குள் வராது.

உரிமம் என்ற பெயரில் வருவதெல்லாம் திறமூல உரிமமும் ஆகிவிடாது. ஜேசன் என்ற தரவு வடிவம் தொடர்பான சில நிரல்களின் உரிமத்தில், இந்த மென்பொருளை நன்மைக்குப் பயன்படுத்தவேண்டும், தீமைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி உண்டு. கேட்க நல்ல வரிதான். ஆனால் நன்மை எது என்று தீர்மானிப்பது யார்? யார், எந்தத் துறையில் பயன்படுத்துகிறார் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது 1997இல் டெபியன் வகுத்த நெறிமுறை. மறு ஆண்டு, திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் வெளியிட்ட வரையறையும் அதிலிருந்தே வந்தது. அந்த ஒரு வரிக்காகவே டெபியன் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இருந்த ஜேசன் பகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. இதேபோல 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று போட்டாலும் அது திறமூலம் ஆகாது. படைப்பாளியாக உங்களுக்கு அப்படிப் போடும் உரிமை உண்டு, பெயரை மட்டும் மாற்றிச் சொல்லவேண்டாம்.

தமிழ்ச் செயலி செய்பவர்களுக்கு எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை எஸ்ஐஎல் திற எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. செயலியோடு சேர்த்துத் தரலாம், அந்தச் செயலியை விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. எழுத்துருவின் பெயரை ஆசிரியர் தனக்கென ஒதுக்கிவைத்திருந்தால், நீங்கள் மாற்றிய வடிவத்துக்கு வேறு பெயர் வைக்கவேண்டும். உரிமக் கோப்பையும் செயலிக்குள் சேர்க்கவேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

நீங்களே ஒரு பேக்கேஜ் வெளியிடப் போகிறீர்கள் என்றால், முதலில் அது உங்களுடையதா என்று பாருங்கள். வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இந்தியச் சட்டப்படி உரிமை முதலாளிக்கு. உங்களுடையதுதான் என்றால் புதிதாக உரிமம் எழுதாதீர்கள். ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுங்கள். யார் எப்படிப் பயன்படுத்தினாலும் சரி என்றால் எம்ஐடி அல்லது அப்பாச்சி. மாற்றுபவர்களும் திறந்தே தரவேண்டும் என்றால் ஜிபிஎல். என் சாய்வு ஜிபிஎல் பக்கம். பிற நிரல்கள் பயன்படுத்தும் சிறு நிரல் நூலகங்களுக்கு (லைப்ரரி) மட்டும் எம்ஐடி போதும் என்று நினைக்கிறேன். உரிம வாசகத்தை முழுதாக 'லைசென்ஸ்' என்ற கோப்பில் வையுங்கள், ஆண்டும் பெயரும் நிரப்பவேண்டிய இடத்தை நிரப்புங்கள். 'இயர்', 'ஃபுல்நேம்' என்று அடைப்புக்குறி அப்படியே நிற்கும் கோப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இணையத்தில் ஒரு பதிலிலிருந்து சில வரி எடுத்திருந்தால் அதன் முகவரியை அந்த இடத்திலேயே குறித்துவிடுங்கள்.

உரிமமே இல்லாத ஒரு நல்ல பேக்கேஜ் கண்ணில் பட்டால் விட்டுவிடவும் வேண்டாம், சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பெரும்பாலும் ஆசிரியர் மறந்திருப்பார். நான் எழுதுவது இவ்வளவுதான்: 'வணக்கம். உங்கள் நிரல் எங்களுக்கு மிகவும் பயன்படும். உரிமக் கோப்பு எதையும் காணவில்லை. எந்த உரிமத்தில் தர விரும்புகிறீர்கள் என்று சேர்க்க முடியுமா? எது என்று முடிவு செய்ய உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.'